சிஸ்டர்சியன் மடங்களைப் பார்க்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் ஒரு நாள் ஃபவுண்டன்ஸ் மடத்து இடிபாடுகளுக்கு அழைத்துப் போவது வழக்கமாகிவிட்டது. காரில் ஒரு மணி நேரம் கூட ஆகாது. வருகிறவர்கள்தான் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. திரும்பத் திரும்ப வாயால் சொல்வதற்குப் பதிலாக எழுதி வைத்துவிட்டால் கிளம்பும் முன்பே அனுப்பிவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

இது கோட்டையா, அரண்மனையா? இவ்வளவு பெரிய கல் கட்டடத்துல யாரு இருந்தாங்க?

இரண்டும் இல்லை, கத்தோலிக்கத் துறவிகள் வாழ்ந்த மடம். ஒரு கோயில், அதை ஒட்டி ஒரு முற்றம், முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி நான்கு பக்கமும் கட்டடங்கள். நம் பழைய தொட்டிக்கட்டு வீட்டை மனதில் வைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும். வீட்டில் ஒரு பக்கம் சாமி அறை இருக்கும். இங்கே ஒரு பக்கம் முழுவதையும் கோயில் எடுத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

சிஸ்டர்சியன்னா என்ன? மத்த சாமியார்களுக்கும் இவங்களுக்கும் என்ன வித்தியாசம்?

1098இல் பிரான்சின் பர்கண்டிப் பகுதியில், மொலெம் மடத்தின் தலைவராக இருந்த ராபர்ட் சில துறவிகளோடு வெளியேறி, சீத்தோ என்ற சதுப்பான இடத்தில் புது மடம் தொடங்கினார். அந்த ஊரின் லத்தீன் பெயரிலிருந்து வந்ததுதான் ‘சிஸ்டர்சியன்’. நம்மூர்க் கத்தோலிக்கர்கள் ஆசீர்வாதப்பர் என்று அழைக்கும் புனித பெனடிக்ட் 6ஆம் நூற்றாண்டில் துறவிகளுக்கு ஓர் ஒழுங்கு எழுதி வைத்தார். மற்ற மடங்கள் அதைத் தளர்த்திவிட்டன, நாம் எழுதியபடியே நடப்போம் என்பதுதான் இவர்களுடைய வாதம். எளிய உணவு, உடல் உழைப்பு, சாயம் போடாத கம்பளி அங்கி. அதனாலேயே ‘வெள்ளைத் துறவிகள்’ என்ற பெயரும் வந்தது.

1115இல் கிளேர்வோ மடத்தைத் தொடங்கிய பெர்நார்துதான் இந்தச் சபையை ஐரோப்பா முழுக்கக் கொண்டுபோனவர். 1153இல் அவர் இறந்தபோது 300க்கும் மேற்பட்ட மடங்கள் இருந்தன. ஃபவுண்டன்ஸ் 1132இல் தொடங்கியது. யார்க் நகரத்து மடத்தில் ஒழுங்கு சரியில்லை என்று சண்டை போட்டுக்கொண்டு வெளியேறிய 13 துறவிகள் இந்தப் பள்ளத்தாக்கில் வந்து உட்கார்ந்தார்கள்.

ஏன் இப்படி ஊருக்கு ஒதுக்குப்புறமா, பள்ளத்துல கட்டியிருக்காங்க?

நகரம், கோட்டை, கிராமம் எதிலும் மடம் கட்டக் கூடாது என்பது சபையின் விதி. தனிமையும் வேண்டும், ஓடும் தண்ணீரும் வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைக்கிற இடம் பெரும்பாலும் ஆற்றுப் பள்ளத்தாக்காகத்தான் இருக்கும். ஒரு மடத்துக்கு இன்னொரு மடம் கூடத் தொந்தரவுதான். 1143இல் பைலண்டு துறவிகள் குடியேறிய இடம் ரீவோ மடத்துக்கு மிக அருகில். இவர்கள் மணி அங்கே கேட்கும், அவர்கள் மணி இங்கே கேட்கும். இரவு பகலாக மணிக் குழப்பம் தாங்காமல் நான்கே ஆண்டுகளில் பைலண்டுக்காரர்கள் இடம் மாறினார்கள்.

தனிமை எப்போதும் இயற்கையாகக் கிடைத்துவிடவில்லை. நாட்டிங்ஹாம்ஷயரின் ரஃபர்டு மடம் சுற்றியிருந்த சிறு கிராமங்களைக் காலி செய்துவிட்டுத்தான் ‘வனாந்தரத்தை’ உண்டாக்கிக்கொண்டது. வழிகாட்டிப் பலகைகள் தனிமையின் அழகைப் பேசும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

உள்ளே போனா எல்லாம் இடிஞ்ச சுவராத்தான் தெரியுது. எது எங்கேன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முற்றத்தின் நடுவில் போய், கோயிலைப் பார்த்து நில்லுங்கள். ஃபவுண்டன்ஸில் கோயில் வடக்கே இருக்கிறது. உயரமான கோயில் வாடைக்காற்றைத் தடுக்கும், முற்றத்தில் வெயில் விழும். அதனால் பெரும்பாலான மடங்களில் இந்த அமைப்புதான். கோயிலை ஒட்டிய தாழ்வாரத்தில்தான் துறவிகள் உட்கார்ந்து படிப்பார்கள். புத்தக அலமாரி கோயில் வாசலுக்குப் பக்கத்திலேயே, சுவருக்குள் இருக்கும்.

இப்போது உங்கள் வலது கைப் பக்கம் கிழக்குக் கட்டடம். கோயிலிலிருந்து தெற்கே வரிசையாக வாருங்கள்: சக்ரீஸ்து (பூசைப் பொருள்களும் உடைகளும் வைக்கும் அறை), அடுத்து அவைக்கூடம், அடுத்து பேசும் அறை, மாடிப்படி, கடைசியில் துறவிகள் வேலை செய்யும் கூடம். அவைக்கூடம்தான் கோயிலுக்கு அடுத்த முக்கியமான இடம். தினமும் காலையில் எல்லாரும் கூடி, பெனடிக்ட் ஒழுங்கில் ஓர் அத்தியாயம் படிப்பார்கள். அன்றைய வேலையைப் பிரித்துக்கொள்வார்கள். தவறு செய்தவர்கள் ஒத்துக்கொள்வார்கள். முன்பக்கம் மூன்று பெரிய வளைவுகள் திறந்திருந்தால் அதுதான் அவைக்கூடம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். பேசும் அறை என்பது பெயருக்கு ஏற்றபடி, அவசியமானதைச் சுருக்கமாகப் பேச ஒதுக்கிய இடம். மற்ற இடங்களில் சைகைதான். மேல்மாடி முழுவதும் படுக்கைக்கூடம்.

உங்கள் முதுகுக்குப் பின்னால் தெற்குப் பக்கம்: கணப்பு அறை, உணவுக்கூடம், சமையலறை. இடது கைப் பக்கம் மேற்குக் கட்டடம், அதற்குத் தனிக் கதை இருக்கிறது, கீழே வருகிறது. நோயாளிகள், வயதானவர்கள் தங்கும் விடுதி கிழக்கே கொஞ்சம் தள்ளி இருக்கும். விருந்தினர் விடுதியும் வாயில் மண்டபமும் மேற்கே, வெளியாட்கள் வந்து போகிற பக்கம்.

நாங்க டின்டர்ன் போனோம். நீங்க சொன்னது எல்லாம் தலைகீழா இருக்கே?

வேல்ஸ் போனவர்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி. டின்டர்னில் வை ஆறு வடக்கே ஓடுகிறது. கழிவுநீர் ஆற்றை நோக்கித்தானே போக வேண்டும்? அதனால் முற்றத்தைக் கோயிலுக்கு வடக்கே வைத்துவிட்டார்கள். ஸ்காட்லாந்தின் மெல்ரோஸிலும், பிரான்சின் தொரோனேயிலும், ஜெர்மனியின் மவுல்பிரானிலும் முற்றம் வடக்கேதான். கண்ணாடியில் பார்ப்பது போல வடக்கு தெற்கை மாற்றிக்கொண்டால் மேலே சொன்ன வரிசை அப்படியே பொருந்தும். கிழக்கும் மேற்கும் மாறாது.

பள்ளத்தாக்கு மிகக் குறுகலாக இருந்தால் திசையே திரும்பிவிடும். கோயில் பீடம் கிழக்கே இருப்பதுதான் மரபு. ஆனால் லாவண்டர் வயல் படங்களில் பார்க்கும் செனாங்க் மடத்தில் பீடம் வடக்கே இருக்கிறது. ரீவோ கோயிலும் ஏறக்குறைய வடக்கு தெற்காகப் படுத்திருக்கிறது. விதி பெரியதுதான், மலை அதைவிடப் பெரியது.

தண்ணி எங்கிருந்து வந்தது? கழிப்பறை எல்லாம் இருந்ததா?

கூச்சப்பட்டுக்கொண்டு கடைசியில் கேட்பார்கள், ஆனால் இதுதான் நல்ல கேள்வி. என்னைக் கேட்டால் இந்த மடங்களை வடிவமைத்தது தண்ணீர்தான். மடத்துக்குத் தேவையான தண்ணீர், மாவாலை, தோட்டம் எல்லாம் மதிலுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று பெனடிக்ட் ஒழுங்கே சொல்கிறது. ஊற்றிலிருந்து வரும் சுத்தமான தண்ணீர் குழாய் வழியாகச் சமையலறைக்கும் கை கழுவும் தொட்டிக்கும் போகும். ஆற்றுத் தண்ணீர் கல் பாவிய கால்வாயில் திரும்பி மாவாலையைச் சுற்றும், சமையலறைக் கழிவை அள்ளும், கடைசியில் கழிப்பறைக்கு அடியில் ஓடி ஆற்றில் போய்ச் சேரும். கழிப்பறை படுக்கைக்கூடத்தின் மறுகோடியில், மாடியில் இருக்கும். வரிசையாக இருக்கைகள், கீழே ஓடும் தண்ணீர். 12ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய நகரங்கள் பலவற்றுக்கு இல்லாத வசதி இது.

ஃபவுண்டன்ஸில் ஸ்கெல் ஆறு கட்டடங்களுக்கு அடியிலேயே போகிறது. நோயாளர் விடுதியை ஆற்றின் மேலே கல் சுரங்கங்கள் கட்டி அதன் மேல் எழுப்பியிருக்கிறார்கள். அங்கிருந்த மாவாலை 12ஆம் நூற்றாண்டில் தொடங்கி 1927 வரை வேலை செய்தது. மடம் மூடப்பட்டுக் கிட்டத்தட்ட 400 வருடம் கழித்தும்!

மாடியில இருந்து நேரா கோயிலுக்குள்ள ஒரு படி இறங்குதே, அது எதுக்கு?

அது இரவுப் படி. துறவிகள் பகலில் ஏழு முறையும் நள்ளிரவு தாண்டி ஒரு முறையும் செபத்துக்குக் கூட வேண்டும். இரவு இரண்டு மணி வாக்கில் மணி அடிக்கும். எல்லாரும் ஒரே கூடத்தில், அங்கியோடும் இடுப்புக் கச்சையோடும் விளக்கு எரிய உறங்க வேண்டும் என்பது ஒழுங்கு. அதனால் உடை மாற்றுகிற வேலை இல்லை. எழுந்து, படி இறங்கினால், கோயிலின் சிலுவைக் கை போல நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிக்குள் வந்துவிடலாம். பனியில் வெளியே போகத் தேவையில்லை. பகலில் தாழ்வாரத்துக்கு இறங்க வேறு படி உண்டு.

பிரான்சின் ஃபோன்தனே மடத்தில் இந்தப் படி முழுசாக இருக்கிறது. நான் ஒரு முறை அதன் அடியில் நின்று பார்த்தேன். தூக்கக் கலக்கத்தில் யாராவது நிச்சயம் உருண்டிருப்பார்கள் என்றுதான் முதலில் தோன்றியது.

இந்தக் குளிர்ல இவ்வளவு பேருக்கும் ஒரே ஒரு கணப்பு அறையா?

ஆமாம். சமையலறையையும் நோயாளர் விடுதியையும் விட்டால், ஆரம்ப காலத்தில் துறவிகள் குளிர்காய இருந்தது அந்த ஓர் அறைதான். அதிலும் நாள் முழுக்க உட்கார முடியாது, கொஞ்ச நேரம் கைகால் சூடேற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும். தோல் செருப்புக்குக் கொழுப்புத் தடவுவதும் அங்கேதான். ஃபவுண்டன்ஸில் அந்த அறையின் பெரிய அடுப்பு வாய்கள் இன்னும் நிற்கின்றன. மேல்மாடியில் மடத்தின் நிலப் பத்திரங்களை வைத்திருந்தார்கள். கீழே தீ எரிவதால் தோல் ஏடுகளில் ஈரம் ஏறாது. மனிதர்களை விடப் பத்திரங்களுக்குத்தான் நல்ல அறை கிடைத்தது என்று என் மாமா சொன்னார்.

சாப்பாட்டுக்கூடம் மட்டும் ஏன் குறுக்கே நீட்டிக்கிட்டு நிக்குது?

கவனித்தவர்களுக்குப் பாராட்டு. பழைய பெனடிக்ட் மடங்களில் உணவுக்கூடம் தெற்குத் தாழ்வாரத்துக்கு இணையாக, கிழக்கு மேற்காகப் படுத்திருக்கும். ஃபவுண்டன்ஸிலும் முதலில் அப்படித்தான் இருந்தது. 12ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் சிஸ்டர்சியன்கள் அதை வடக்கு தெற்காகத் திருப்பிவிட்டார்கள். திருப்பியதும் தாழ்வாரத்தின் ஓரத்தில் இடம் மிஞ்சியது. ஒரு பக்கம் கணப்பு அறை, மறு பக்கம் சமையலறை இரண்டும் முற்றத்தை ஒட்டியே வந்துவிட்டன. முக்கியமாக, ஒரே சமையலறையிலிருந்து கிழக்கே துறவிகளுக்கும் மேற்கே உழைப்புச் சகோதரர்களுக்கும் (யார் இவர்கள் என்பது அடுத்த பதிலில்) சுவர்த் துவாரம் வழியாக உணவு தள்ளலாம். கூடத்தையும் எவ்வளவு வேண்டுமானாலும் தெற்கே நீட்டிக்கொள்ளலாம்.

கை கழுவும் இடம் உணவுக்கூட வாசலிலேயே இருக்கும். சில மடங்களில் சுவரோரத் தொட்டி; தொரோனேயிலும் மவுல்பிரானிலும் முற்றத்துக்குள் நீட்டிய தனி நீரூற்று மண்டபம். உள்ளே பேச்சு கிடையாது, சுவருக்குள் ஏறும் படியில் ஒருவர் நின்று வாசிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சாப்பிடுவார்கள். இறைச்சி கிடையாது. ரொட்டி, பருப்பு, காய்கறி.

மேற்குப் பக்கம் அவ்வளவு நீளமா ஒரு கூடம் இருக்கே, அது என்ன குதிரை லாயமா?

91 மீட்டர் நீளம், நடுவில் ஒற்றை வரிசைத் தூண்கள், தூணிலிருந்து விரியும் கல் கமான்கள். ஃபவுண்டன்ஸில் எல்லாரும் படம் எடுக்கிற இடம் இதுதான். இப்போது வௌவால்கள் குடியிருக்கின்றன. அந்தக் காலத்தில் இந்த நீளம் இப்படித் தெரிந்திருக்காது, நடுநடுவே தடுப்புச் சுவர்கள் இருந்தன. ஒரு பகுதி சரக்கு அறை, தென்கோடி உழைப்புச் சகோதரர்களின் உணவுக்கூடம், மாடி முழுக்க அவர்களுடைய படுக்கைக்கூடம்.

யார் இவர்கள்? மடத்தில் வார்த்தைப்பாடு கொடுத்துச் சேர்ந்தவர்கள்தான், ஆனால் லத்தீன் செபம் பாடும் துறவிகள் அல்ல. உழவு, ஆடு மேய்ப்பு, தச்சு, மாவாலை எல்லாம் இவர்கள் பொறுப்பு. தூரத்து மடத்துப் பண்ணைகளில் தங்கி வேலை செய்துவிட்டு ஞாயிறு, திருநாள்களில் திரும்புவார்கள். ஏல்ரெட் தலைவராக இருந்த காலத்தில் (1147–1167) ரீவோவில் 140 துறவிகளும் 500 உழைப்பாளிகளும் இருந்ததாக அவர் வாழ்க்கையை எழுதியவர் சொல்கிறார். சீடர் எழுதிய கணக்கு, கொஞ்சம் கூட்டியே இருக்கலாம். ஆனால் மேற்குக் கட்டடம் ஏன் இவ்வளவு பெரியது என்பதற்கு அந்த விகிதமே பதில்.

அப்போ இது நம்ம ஊர் சாதி மாதிரிதானே?

பிறப்பால் தொடரவில்லை. மடத்தில் யாருக்கும் பிள்ளை கிடையாது என்பதால் தொடரவும் முடியாது. ஆனால் இல்லை என்று சொல்லி மழுப்பவும் எனக்கு மனம் வரவில்லை. சேருகிறவரின் படிப்பும் குடும்பமும் எந்தப் பக்கம் என்று முடிவு செய்துவிடும். உழைப்புச் சகோதரராகச் சேர்ந்தவர் பிறகு துறவியாக முடியாது. புத்தகம் வைத்துக்கொள்ளக் கூடாது, சில செபங்களை மனப்பாடமாகக் கற்றால் போதும். அவைக்கூடத்தில் வாக்கு இல்லை.

கட்டடம் இதை மறைக்கவே இல்லை. தனி உணவுக்கூடம், தனிப் படுக்கை, கோயிலுக்குள் போகத் தனி வாசல். கோயிலின் கிழக்குப் பாதி துறவிகளுக்கு, மேற்குப் பாதி இவர்களுக்கு, நடுவே தடுப்புச் சுவர். லீட்ஸிலேயே இருக்கிற கிர்க்ஸ்டால் மடத்தில் முற்றத்துக்கும் மேற்குக் கட்டடத்துக்கும் நடுவே ஒரு சந்து விட்டிருக்கிறார்கள். துறவிகளின் தாழ்வாரத்தில் கால் வைக்காமலே சகோதரர்கள் கோயிலுக்குப் போய்விடலாம். 1348–49 கொள்ளைநோய்க்குப் பிறகு இப்படிச் சேர ஆள் இல்லாமல் போனது. நிலங்கள் குத்தகைக்குப் போயின, மேற்குக் கட்டடங்கள் வேறு உபயோகத்துக்கு மாறின.

இவ்வளவு பணம் இருந்தும் கோயில்ல ஒரு சிற்பம் கூட இல்லையே?

வேண்டுமென்றே விட்டது. பெர்நார்து 1125 வாக்கில் தன் நண்பரான இன்னொரு மடத்தலைவருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில், தாழ்வாரங்களில் குரங்கும் சிங்கமும் பாதி மனித மிருகமும் செதுக்குவதைப் போட்டுத் தாக்கினார். துறவி புத்தகத்தை விட்டுவிட்டுக் கல்லை வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பான், தவிர ஏழைக்குப் போக வேண்டிய காசு இதில் போகிறது என்பது அவர் வாதம். சிற்பம் கூடாது, ஓவியம் கூடாது, வண்ணக் கண்ணாடி கூடாது என்று சபையே விதி போட்டது. மரச் சிலுவை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

மிஞ்சியது கல்லும் வெளிச்சமும் அளவும். 1147இல் திருத்தந்தை மூன்றாம் யூஜின் அர்ச்சித்த ஃபோன்தனே கோயில்தான் இதற்கு நல்ல சாட்சி. 66 மீட்டர் நீளம், கூர்முனைக் கமான் கூரை, பீடத்துக்குப் பின்னால் வளைவு இல்லாத தட்டையான சுவர். நடுக்கூடத்துச் சுவரில் மேல் சன்னல்களே இல்லை. கிழக்கும் மேற்கும் பக்கக் கூடங்களும் தருகிற ஒளி மட்டும்தான். கண்ணாடிக்காரர்கள் மட்டும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: ஒபாசீன் மடத்தில் நிறமே இல்லாமல் ஈயக் கோடுகளாலேயே இலையும் கொடியுமாகக் கோலம் போட்டிருக்கிறார்கள்.

ஆடம்பரம் கூடாதுன்னா ஃபவுண்டன்ஸ்ல அவ்வளவு உயரமா கோபுரம் ஏன்?

சரியான பிடி. 1157இலேயே கல்லில் மணிக்கூண்டு கட்டக் கூடாது என்று சபை விதித்திருந்தது. ஆனால் 350 வருடம் நீண்ட காலம். கம்பளி விற்று மடங்கள் பணக்கார மடங்களாகிவிட்டன. 1495 முதல் 1526 வரை தலைவராக இருந்த மார்மடியூக் ஹியூபி, கோயிலின் வடக்குக் கை நுனியில் ஏறக்குறைய 50 மீட்டர் உயரத்துக்கு இந்தக் கோபுரத்தை எழுப்பினார். மேலே சொன்ன விதிகள் எல்லாம் முதல் நூறு வருடத்துக்குத்தான் ஒழுங்காகப் பொருந்தும். தலைவர் துறவிகளோடு ஒரே கூடத்தில் உறங்க வேண்டும் என்ற விதியும் இப்படித்தான் போய், தனி வீடு வந்தது. இறைச்சி சாப்பிடத் தனிக் கூடமும் வந்தது. கோபுரம் அழகுதான், நானும் அதைப் படமெடுக்கிறேன். பெர்நார்து பார்த்திருந்தால் இன்னொரு கடிதம் எழுதியிருப்பார்.

துறவிகளே கல் சுமந்து கட்டினாங்களா?

கொஞ்சம். புது மடம் தொடங்க ஒரு தலைவரோடு குறைந்தது 12 துறவிகள் போக வேண்டும். செபக்கூடம், உணவுக்கூடம், படுக்கைக்கூடம், விருந்தினர் அறை, வாயில்காவலர் அறை இவையெல்லாம் முதலில் தயாராக இருக்க வேண்டும். இவை பெரும்பாலும் மரக் கட்டடங்கள். கல் கட்டடம் பிறகு, பல பத்தாண்டுகளாக எழுந்தது. அதற்குக் கூலிக்கு வந்த கொத்தனார்கள் முக்கியம், சகோதரர்களும் துறவிகளும் கூட நின்றார்கள். ஃபவுண்டன்ஸுக்குப் புது வாழ்க்கை முறையைக் கற்றுத்தர ஜெஃப்ரி என்ற மூத்த துறவியைக் கிளேர்வோவிலிருந்து பெர்நார்து அனுப்பினார். அமைப்பு இப்படித்தான் நாடு விட்டு நாடு போனது. கல்லுக்கு அலையவில்லை, பள்ளத்தாக்கின் பக்கச் சுவரையே வெட்டி எடுத்துக்கொண்டார்கள்.

பெண்களுக்கு இடமே இல்லையா?

ஆண்கள் மடத்துக்குள் இல்லை. பெண்களுக்குத் தனி மடங்கள் இருந்தன. பர்கண்டியின் தார் மடம் 1120களில் தொடங்கியது. ஸ்பெயினின் பூர்கோஸ் நகருக்கு வெளியே உள்ள லாஸ் உவெல்காஸ் 1187இல் அரசர் எட்டாம் அல்ஃபோன்சோவும் அரசி எலெனோரும் கட்டியது. அமைப்பு பெரும்பாலும் இதே வரிசை. லாஸ் உவெல்காஸில் கோயிலின் நடுக்கூடத்தையே கன்னியர் தங்கள் பாடல் இடமாக எடுத்துக்கொண்டார்கள்.

கூரை எங்கே போச்சு? குண்டு போட்டாங்களா?

இரண்டாம் உலகப் போர் என்றே பலர் நினைக்கிறார்கள். இல்லை, அரசர் எட்டாம் ஹென்றி. 1536 முதல் 1540 வரை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எல்லா மடங்களையும் மூடினார். ஃபவுண்டன்ஸ் 1539 நவம்பரில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. கூரையின் ஈயத்துக்கு நல்ல விலை, அதனால் அதை முதலில் உரித்தார்கள். ஈயம் போனால் மழை உள்ளே, பிறகு மரம் இற்றுவிடும். மிச்சக் கல்லை அக்கம்பக்கத்தார் எடுத்துக்கொண்டார்கள். வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிற ஃபவுண்டன்ஸ் ஹால் என்ற மாளிகை 1600 வாக்கில் மடத்துக் கல்லை வைத்துக் கட்டியதுதான். பிரான்சில் இதே வேலையை 1790களில் புரட்சி செய்தது. தாய்மடமான சீத்தோவில் பழைய கட்டடம் அதிகம் மிஞ்சவில்லை. கிளேர்வோ பிறகு சிறைச்சாலையானது.

இடியாம முழுசா இருக்கிறதைப் பார்க்கணும்னா எங்கே போகணும்?

அமைப்பு முழுவதையும் பார்க்க ஜெர்மனியின் மவுல்பிரான். 1147இல் தொடங்கிய மடம், மதில், மாவாலை, தானியக் களஞ்சியம் வரை நிற்கிறது. எளிமையைப் பார்க்க ஃபோன்தனே. புரட்சிக்குப் பிறகு அது காகித ஆலையாக இருந்து, 1906க்குப் பிறகு பழைய நிலைக்கு மீட்கப்பட்டது. 53 மீட்டர் நீள இரும்புப் பட்டறையும் அங்கே உண்டு. துறவிகள் இன்றும் வாழ்கிற இடம் வேண்டுமென்றால் ஸ்பெயினின் போப்ளெத்.

இந்தியாவுல இந்தச் சபை இருக்கா?

இருக்கிறது. கேரளத்தின் வாகமண்ணில் 1958இல் தொடங்கிய குரிசுமலை ஆசிரமம் 1998இல் இந்தச் சபையின் டிராப்பிஸ்ட் பிரிவில் சேர்ந்தது. தொடங்கியவர்களில் ஒருவரான பீட் கிரிஃபித்ஸ்தான் பிறகு 1968இல் குளித்தலை அருகே சாந்திவனத்துக்கு வந்தவர். ஆனால் இந்தக் கல் வரிசையை அங்கே தேடாதீர்கள். அது ஆசிரமம், மாட்டுப் பண்ணையோடு.

எங்களுக்கு ஒரு மணி நேரம்தான் இருக்கு. எதைப் பார்த்தா போதும்?

மேற்குக் கட்டடத்தின் நீளத்தில் முதலில் நடங்கள். அங்கிருந்து முற்றத்துக்கு வந்து, நடுவில் நின்று, மேலே எழுதியிருக்கிற வரிசையைக் கையால் காட்டிப் பாருங்கள். உணவுக்கூட வாசலில் கை கழுவிய தொட்டியின் தடம் இருக்கும், குனிந்து பாருங்கள். கோபுரத்தைத் தேட வேண்டாம், அது எங்கிருந்தும் தெரியும். அப்புறம் கிழக்குக் கட்டடத்தின் தென்கோடிக்குப் போய், கழிப்பறை இருந்த இடத்துக்குக் கீழே எட்டிப் பாருங்கள். பிள்ளைகள் அங்கேதான் சிரிப்பார்கள். கால் வழுக்கும், பிடித்துக்கொள்ளுங்கள்.